பூச்சிதின்னிக்குப் பூச்சி பிடித்தது

பாதி ஊரின் கரப்பான்களுக்கு எமன் அவர். கரையானோ மூட்டைப்பூச்சியோ, சொல்லி அனுப்பினால் போதும், முதுகில் மருந்து டேங்கைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். எல்லாரும் மருந்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் பாருங்கள், அந்த டேங்க் அவருடைய சொந்த வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. கல்யாணமான புதிதிலேயே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்த நாத்தம் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்." வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். மருந்து வாடை பட்டால் அன்றைக்கெல்லாம் தலைவலி.

மருந்துக்குப் பதிலாக அவள் வளர்த்தது பூச்சி தின்னும் செடிகள். சமையலறை ஜன்னல் மேல் வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொரு இலை நுனியிலும் பல் வைத்த ஒரு வாய். ஈ உட்கார்ந்தால் லபக்கென்று மூடிக்கொள்ளும். துணி தைக்கக் கொடுக்க வரும் பெண்களிடமெல்லாம் காட்டுவாள். "எங்க வீட்டுக்கு மருந்தே வேண்டாம்க்கா. என் பிள்ளைங்க பாத்துக்கும்."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் புருஷன் காதில் அது விழும். ஊரே மதிக்கிற தொழில், வீட்டில் ஒரு தொட்டிச் செடிக்குக் கீழே! தன் தொழிலைப் பற்றி அவள் வாயால் ஒரே ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

கடவுள் கண்ணைத் திறந்தார். பூச்சிதின்னிக்கே பூச்சி பிடித்தது.

அசுவினி. குருத்தில் பச்சைப் பேன் மாதிரி அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பொடிப்பூச்சி. அது ஊர்ந்தால் செடிக்கு உறைப்பதுகூட இல்லை. தின்ன வேண்டிய வாய்க்குள்ளேயே ஜாம்ஜாமென்று குடித்தனம் நடத்தியது. புது இலைகள் கோணல்மாணலாகச் சுருண்டன. அவள் ஊசி நுனியால் எடுத்துப் பார்த்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன.

"என்ன, பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் மருந்துக்காரர், ஒன்றும் தெரியாதவர்போல.

"கிண்டல் பண்ணாதீங்க. வயிறு எரியுது எனக்கு." அவள் கண் கலங்கியிருந்தது. "ஏதாவது செய்யத் தெரிஞ்சா செய்யுங்க. ஆனா மருந்து மட்டும்..."

"நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்."

வேலை தெரிந்த மனுஷன்தான், குறை சொல்லக்கூடாது. இந்தச் செடிக்குக் குழாய்த் தண்ணீரே ஆகாது, மருந்து எங்கே ஆகும் என்று அவருக்குத் தெரியும். பக்கெட்டில் மழைத்தண்ணீர் பிடித்து, மொட்டைமாடியில் வைத்து, தொட்டிகளைத் தலை முங்க உள்ளே இறக்கினார். அவளை மேலே வரவே விடவில்லை. ரெண்டு நாளில் அசுவினிகள் செத்து மிதந்தன. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கெட்டோடு சமையலறைக்குத் தூக்கி வந்தார்.

"எப்படிங்க?" அவள் வாயைப் பிளந்தாள்.

தண்ணீரில் முக்கினேன் என்று சொல்லியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"நம்ம ஸ்பெஷல் மருந்து," என்றார், மீசையைத் தடவிக்கொண்டு. "இந்தக் கலவை என்னைத் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது."

அவள் முகம் கறுத்தது. "சோறு பொங்குற இடத்துல விஷத்தைக் கொண்டாந்து வச்சிருக்கீங்களா?" தொட்டிகளைத் தூக்கிக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனாள். ஆசை ஆசையாக வளர்த்தது, அழுதுகொண்டேதான் கொண்டுபோனாள்.

"ஐயோ, போடாதே! சும்மா சொன்னேன். வெறும் மழைத்தண்ணிதான்!"

"இதையேதானே எல்லார் வீட்டுலயும் சொல்றீங்க? 'வெறும் தண்ணி மாதிரிதாம்மா, பயப்படாதீங்க'ன்னு?"

மருந்துக்காரர் ஒரு டம்ளரை எடுத்தார், பக்கெட்டில் முக்கினார், மிதந்த அசுவினிகளோடு மடக் மடக்கென்று குடித்தார்.

"ஐயையோ!" தொட்டிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். "துப்புங்க! துப்பித் தொலைங்க! செடி போனா போகுது, நீங்க போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

அந்த ஒரு வார்த்தைக்கு இன்னொரு டம்ளர்கூடக் குடிக்கலாம் போலிருந்தது அவருக்கு.

அன்றைக்கு அவள் மெஷினைத் தொடவில்லை. வாந்தி வருதா, தலை சுத்துதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவர் ரெண்டு தட்டுச் சோற்றைக் காலி பண்ணி ஏப்பம் விட்ட பிறகுதான் அது தண்ணீர் என்று நம்பினாள். செடிகள் ஜன்னலுக்குத் திரும்பின.

மறுநாள் காலை, தைத்த துணி வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைப் பார்த்து அசந்துபோனாள். "செடி பொழச்சிருச்சே! உன் வீட்டுக்காரர் மருந்தா?"

"மருந்தா? வெறும் தண்ணிக்கா! நான் நம்பலைன்னு ஒரு டம்ளர் குடிச்சே காட்டிட்டாரு. அவர் தொழில்ல அவரை அடிச்சுக்க ஆளே இல்லக்கா." அவள் குரலில் அப்படி ஒரு பெருமை.

வாசலில் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தவருக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த நல்ல வார்த்தையைக் கேட்டேவிட்டார்.

"அப்படியா!" என்றாள் அக்கா. "நல்லதாப் போச்சு. இன்னிக்கு எங்க வீட்டு மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க வர்றாருல்ல? கைக்குழந்தை இருக்கிற வீடு. எங்களுக்கும் ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டிட்டு அடிக்கச் சொல்லு."

"அதுக்கென்னக்கா, தாராளமா," என்றாள் அவள், வாசல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே.