முதலாமவரின் கியர் ஆயில்

1

இந்தக் கதையை நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் என் மூக்கின்மேல் ஒரு சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது என்றேன்.

"நானும் இப்படித்தாங்க, கியர் ஆயில் வாங்கப் போய் முழிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார். அங்கே ஆரம்பித்தது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை மறைக்க முதலில் இப்படித் தொடங்கினேன்:

'ஒரு காரின் இதயம் அதன் கியர்பெட்டி. அதில் ஓடும் இரத்தமோ…'

விட்டுவிட்டேன். இதயம் என்றால் எஞ்சின் அல்லவா என்று கடைக்காரரே சிரிப்பார். அடுத்தது:

'மறுமணம் என்பது பழைய காருக்குப் புதிய…'

இதையும் விட்டுவிட்டேன். அவர் மனைவி படித்தால் என்னைக் குளத்தில் தள்ளிவிடுவார். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதே உத்தமம்.

2

கண்ணாடிக்காரர் கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமலே ஐம்பதைத் தாண்டியவர். முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொல்ல, பயந்துகொண்டே நீச்சல் குளத்துக்குப் போனார். அங்கே சொல்லிக்கொடுத்தவர் கணவரை இழந்தவர். "தண்ணியை அப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க சார், அது எங்கயும் ஓடிடாது" என்றாராம். இவருக்கு ஒழுங்காக மிதக்க வருவதற்குள் கல்யாணம் பதிவாகிவிட்டது. இவர் அந்த அம்மாள் வீட்டுக்கே குடிபோனார். இன்றும் இவர் அவரை 'டீச்சர்' என்கிறார், அவர் இவரை 'சார்' என்கிறார். (நான் இதை நம்பவில்லை. ஒரு நாள் வீட்டுக்குப் போய்க் காதாரக் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன்.)

வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஒரு கார். இருவரையும்விட வயதில் மூத்தது. முதல் கணவர் உயிராக வைத்திருந்தது. அவர் போன பிறகு டீச்சரின் தம்பி வந்து துடைத்து மெருகேற்றி, எஞ்சினை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் போவார். தெருவில் இறங்கி நெடுநாள் ஆகிவிட்டது.

"நீங்க ஓட்டலாமே டீச்சர்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"என் கை முரட்டுக் கை. அதுக்கு ஒத்து வராது" என்று சொல்லி டீச்சர் பேச்சை மாற்றிவிட்டார்.

சரி, தானாவது ஓட்டலாம் என்று இவர் கிளம்பினார். இத்தனை நாள் நின்ற வண்டி, முதலில் கியர் ஆயிலை மாற்றவேண்டும். தம்பி உடனே ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"அத்தான் வாங்கி வச்சதுல மிச்சம். இதையே ஊத்துங்க சார். அவர் யோசிக்காம எதையும் வாங்க மாட்டார்."

தம்பிக்கு இறந்தவர்தான் அத்தான். இவர் சார்.

3

ஆயில் கடைக்காரர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வண்டி என்று கேட்டார். இவர் சொன்னார்.

"ஆயில் நல்ல ஆயில்தாங்க, குறையே சொல்ல முடியாது. ஆனா உங்க வண்டி கியர்பாக்ஸ்ல பித்தளை வளையம் இருக்கும். கியர் மாத்துறப்போ சுத்துற சக்கரத்தை எல்லாம் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர்றது அதுதான். இதுல கலந்திருக்கிற மருந்து பித்தளையைக் கொஞ்சங்கொஞ்சமா அரிச்சிடலாம். வழுக்கலும் ஜாஸ்தி, வளையத்துக்குப் பிடி கிடைக்காது."

டப்பாவில் தர எண் ஜி.எல். 5 என்று போட்டிருந்தது. கடைக்காரர் எடுத்து வைத்ததில் ஜி.எல். 4. எண் கூடினால் உசத்தி என்றுதான் யாருக்கும் தோன்றும். இவருக்குத் தோன்றவில்லை. பவர் கூடின கண்ணாடிதான் நல்லது என்று அடம்பிடித்து வாங்கி, தலைவலியோடு திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார்.

"நாலே குடுங்க" என்றார்.

4

தரையில் பழைய போர்வையை விரித்து, காருக்கு அடியில் படுத்து, கியர்பெட்டியின் அடித் திருகைக் கழற்றினார். பழைய ஆயில் கீழே வைத்த தொட்டியில் கெட்டியாக இறங்கியது. தொட்டியை வெயிலுக்கு இழுத்தபோது அதற்குள் பொன்தூள் தூவினாற்போல் மினுமினுத்தது. அழகாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் பார்த்தவருக்கு, அடுத்த நிமிடம் உறைத்தது. அது பித்தளை. டீச்சரின் முரட்டுக் கையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில் நான் தடுமாறினேன். முதல் வரைவில் அவர் தொட்டியை மூடி, யாரும் பார்க்காமல் அப்புறப்படுத்திவிடுகிறார். பெருந்தன்மையான மனிதர், வாய்திறக்காத அன்பு. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் டீச்சருக்கு அதில் என்ன கிடைக்கிறது? முரட்டுக் கை என்ற பெயர் அப்படியே நிற்கிறது. இரண்டாவது வரைவில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறார். செத்தவரோடு மல்லுக்கட்டுகிற ஆள்போல இருந்தது. அவருக்கே அந்தப் பயம் இருந்திருக்கிறது. "போனவர்மேல குத்தம் சொல்லி நான் பேர் வாங்கணுமான்னு இருந்துச்சுங்க" என்றார்.

ஆக, அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். டீச்சர்தான் டீயோடு வந்தார்.

"என்ன சார், தங்கம் கிடைச்சிருச்சா?"

"பித்தளை டீச்சர்."

"பித்தளை எங்கேருந்து வந்துச்சு?"

கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். பார்வை குறைந்திருப்பதைக் கடையில் சொல்வாரே, அதே குரலில்.

"அவர் நல்லதாத்தான் தேடி வாங்கியிருக்கார். இந்த வண்டிக்கு அது சேரலை. கியர் மாத்துறப்போ கரகரன்னு சத்தம் வருமா?"

"மூணாவதுல." டீச்சர் ஒரு விரலைத் தொட்டியில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். "அப்போ என் கை இல்லையா?"

"இல்ல."

"நிச்சயமாவா?"

"உங்க கை பட்டுப் பித்தளை கரையாது டீச்சர்."

"நான் ஓட்டுறப்போ கரகரன்னா, உனக்குப் பொறுமை இல்ல, கிளட்சை முழுசா மிதிம்பார். சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப்போச்சு, கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துப்போச்சு. சாவியை அவர் கையிலயே குடுத்துட்டேன்." தொட்டியின் விளிம்பில் விரலை வழித்தார். "அவர் ஓட்டுறப்பவும் அதே சத்தம்தான் வரும். அதுக்கு மட்டும் ரோடு சரியில்லம்பார்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். (சிரிப்பா அழுகையா என்று கேட்டேன். "நான் பிரிச்சுப் பார்க்கலைங்க" என்றார்.)

"தெரிஞ்சு செய்யலை, இல்லையா?"

"தெரிஞ்சிருந்தா அந்தக் கடைப் பக்கமே போயிருக்க மாட்டார்."

"சரி, சாவி எங்க?"

"இருங்க டீச்சர், இன்னும் புதுசை ஊத்தவே இல்ல."

5

கியர் வெண்ணெயாக வழுக்கி விழுந்தது என்று எழுதியிருந்தேன். பொய். நல்ல ஆயில் ஊற்றினால் தேய்ந்த பித்தளை திரும்ப முளைத்துவிடாது. தெருமுனையில் டீச்சர் மூன்றாவதுக்கு மாற்றியபோது கர்ர்ரென்றது. இவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தம் போடட்டும் சார். இது என் சத்தம் இல்ல."

அடுத்த முறை நடுவில் ஒரு மூச்சு பொறுத்து மாற்றினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. கடைகளைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, பாலத்தில் ஏறினார்கள். இவர் ஜன்னலை இறக்கிவிட்டுக் கையை வெளியே காற்றில் நீட்டிக்கொண்டார்.

6

திரும்பி வந்தபோது வாசலில் தம்பி நின்றிருந்தார். ஓட்டுநர் இருக்கையில் அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஜன்னலில் குனிந்து, "பார்த்தீங்களா சார், அத்தான் வாங்கின ஆயில்னா சும்மாவா" என்றார்.

கதை இந்த இடத்துக்கு வந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கடைக்கு இன்னொருவர் வந்துவிட, கண்ணாடிக்காரர் எழுந்து போய்விட்டார். மறுபடி போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'ஆமாம்' என்று தலையாட்டுவதாக எழுதினேன்; டீச்சர் முகம் சரியாக வரவில்லை. உண்மையைச் சொல்வதாக எழுதினேன். தம்பி முகத்தைப் பார்க்க எனக்கே மனம் வரவில்லை. டீச்சரே பதில் சொல்வதாக, 'டேய், அத்தான் வந்து…' என்று தொடங்கி அப்படியே வைத்திருக்கிறேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னிருக்கை காலியாகத்தான் இருக்கிறது. தம்பிக்கும் ஏறிக்கொள்ள ஆசை. என்ன சொல்லி அவரை ஏற்றிக்கொள்வது என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.