வீரம்மாள் பேரை எடுத்த தேதி

வீரம்மாளுக்கு மகன்கள் இரண்டு, பேர் ஒன்று. காட்டைப் பிரித்தாயிற்று, மாட்டைப் பிரித்தாயிற்று. பூண்டு காயப் போடுகிற கொட்டகைக்குக்கூட நடுவில் தட்டி வைத்து இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உனக்கு என்று ஆகிவிட்டது. மிஞ்சியது குட்டியானை வண்டி ஒன்று. அதில் இரண்டு வீட்டுச் சரக்கையும் இளையவன் சக்திவேல் ஏற்றிக்கொண்டு மலை இறங்குவான். சரி, வண்டிக்கு அப்படி ஒரு ஏற்பாடு. பேரை என்ன செய்வது?

அது லேசுப்பட்ட பேரும் இல்லை. பள்ளங்கியிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்குப் போகிற மூட்டைகளில் 'வீரம்மா பூண்டு' என்று சொல்லிவிட்டால் வியாபாரி சாக்கைப் பிரித்துப் பார்க்கமாட்டான். முப்பது வருடமாக ஒரு சொத்தைப் பல்லைக்கூட உள்ளே தள்ளி விடாத கறார்க்காரி அவள்.

சக்திவேலின் மனைவி சுகன்யா போனிலேயே ஆர்டர் பிடித்து, சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கூரியரில் பூண்டு அனுப்பிப் பழகியவள். அடுத்து வெப்சைட் என்று முடிவு கட்டினாள். பழனி அடிவாரத்தில் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற ஜெயப்பிரியாவைப் போனில் பிடித்தாள்.

"மொதல்ல டொமைன் பேரு முடிவு பண்ணுங்கக்கா. போன்ல ஒரு தடவ சொன்னா எதிராளிக்கு வெளங்கணும், மறுநாளும் ஞாபகம் இருக்கணும். அம்புட்டுத்தான்" என்றாள் ஜெயப்பிரியா.

மலை என்று ஒன்று, கொடை என்று ஒன்று, சுகன்யா ஒரு நோட்டுப் பக்கம் முழுக்க எழுதித் தேடினாள். நல்ல பேரையெல்லாம் எவனோ முன்னாலேயே எடுத்து வைத்திருந்தான். கடைசியாக மாமியார் பேரைப் போட்டாள். வீரம்மாள்பூண்டு டாட் காம். இருக்கிறது என்று பச்சை எழுத்தில் வந்தது. அவளுக்குத் துள்ளிக் குதிக்காத குறை.

அந்த சந்தோஷம் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. மூத்தவன் வேலப்பனின் மகன் கோகுல்ராஜ் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவனும் தன் அப்பாவுக்காக அதே பேரைத்தான் பார்த்து வைத்திருந்தான். தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அண்ணன் தம்பி இருவரும் கத்திய கத்தலில், களத்தில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த வீரம்மாள் எழுந்து வந்தாள்.

"நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கேன், அதுக்குள்ள எம்பேருக்கு அடிச்சுக்கிறீகளா? போயி கருப்புகிட்டப் பூக் கேளுங்க. யாருக்குன்னு அவன் சொல்லட்டும்."

அந்தப் பக்கத்தில் பூக் கேட்டபின் அப்பீல் கிடையாது. வெள்ளைப் பூவை ஓர் இலைப் பொட்டலத்திலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் கட்டி, கருப்பசாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை மூத்தவனுக்கு, சிவப்பு இளையவனுக்கு. ஆனால் கருப்பு வெள்ளிக்கிழமைதான் வாக்குக் கொடுப்பார். அன்று திங்கள். நடுவில் யாரும் திருட்டு வேலை செய்துவிடக் கூடாதே என்று பூசாரி சூடம் ஏற்றினார். பூ விழுகிற வரைக்கும் அந்தப் பேரைத் தொடமாட்டோம் என்று அண்ணனும் தம்பியும் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

"மீறுனவன கருப்பு மலை எறங்குற வளைவுல வச்சுப் பாத்துக்கிருவான்" என்றார் பூசாரி.

பெண்டுகள் பின்னால் நின்றார்கள். அவர்களை யாரும் சத்தியத்துக்குக் கூப்பிடவில்லை. இரண்டு வீட்டிலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வியாபாரம் பார்ப்பது பெண்கள், சூடம் அணைப்பது மட்டும் ஆண்கள். இந்த அழகில் ஒரு காவல்.

செவ்வாயும் புதனும் சுகன்யா அந்தப் பேரைப் பத்துத் தடவை தேடிப் பார்த்திருப்பாள். இருக்கிறதா, இருக்கிறது. மறுபடியும் இருக்கிறதா, இருக்கிறது. வியாழன் காலையில் பேருக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி புதிதாக வந்து நின்றது. இதை வேறு சிலரும் பார்க்கிறார்கள், சீக்கிரம் முந்துங்கள் என்று. விற்கிறவன் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லுவான். அவளுக்கு அது தெரியவில்லை. உடனே ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

"நாளை வரைக்கும் இருக்குமாம்மா?"

"உறுதி சொல்ல முடியாதுக்கா. எங்கயோ கெடக்குற எவனாச்சும் எடுத்துட்டான்னா உங்க ரெண்டு வீட்டுக்குமே கெடையாது."

சுகன்யா தனக்குத் தானே நியாயம் பேசிக்கொண்டாள். எடுத்து வைப்போம். பூ நமக்கு விழுந்தால் வம்பே இல்லை. அவர்களுக்கு விழுந்தால் அவர்களிடமே கொடுத்துவிடுவோம். அவள் போனில் பணம் அனுப்புகிற வசதி இல்லை. சக்திவேல் வாசலில் மூட்டைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், அவன் போன் அடுப்படி அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஓடிபி நம்பர் வந்தது, போட்டாள், பேர் வந்துவிட்டது, வந்த மெசேஜை அழித்தாள். அவன் உள்ளே வந்து போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மகள் ரோகிணியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டியை எடுத்தான்.

வண்டிச் சத்தம் அடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அழுத்தியது அவள் விரல். ஆனால் போன் அவனுடையது, பணம் அவனுடையது, யார் வாங்குகிறார் என்ற இடத்தில் விழுந்திருக்கிற பேரும் அவனுடையது. சூடம் அணைத்தவனும் அவன்தான். கருப்பு யாரைப் பிடிப்பார்?

சந்தை முடிந்து அவன் மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடுவான். மூன்றாயிற்று, நான்காயிற்று. மேகம் இறங்கி எதிர்க் காடு மறைந்தது. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போனில் ஒரு பெண் குரல். அடுக்கம் வழியே அவன் ஏறி வருகிற பாதை சுகன்யாவுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ரோகிணி பசிக்கிறது என்றபோது எதற்கென்றே தெரியாமல் அவளைத் திட்டினாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

இருட்டுகிற நேரத்தில் வண்டி வந்தது. சக்திவேல் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"அடுக்கத்துக்குக் கீழ வளைவுல டயரு வெடிச்சிருச்சு. வண்டி போயி தடுப்புச் சொவத்துல ஒட்டிக்கிருச்சு. நூலெழையில தப்பிச்சேன். சோத்தப் போடு வெரசா."

அவன் சாப்பிட்டான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த நிமிடம் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்கிற ஆள் அவன். நாளைக்குச் சிவப்பு விழுந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பூ எடுக்க ரோகிணியைத்தான் கூப்பிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளை. பெரியப்பாவையும் அப்பாவையும் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தது. அவர் பிரித்தார். வெள்ளை.

சக்திவேல் வாதாடவில்லை. "அண்ணனுக்குன்னு சொல்லிட்டான், அம்புட்டுத்தான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டான். வேலப்பனின் மனைவி கண்மணி விழுந்து கும்பிட்டாள். கோகுல்ராஜ் அங்கேயே வேப்பமரத்தடியில் நின்று போனைத் தட்டினான். கொஞ்ச நேரம் தட்டியவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாரோ எடுத்துட்டாங்கப்பா."

"எவன்லே எடுத்தான்? எப்ப?"

"ஆளு பேர மறைச்சு வச்சிருக்கு. தமிழ்நாடுன்னு மட்டும் காட்டுது. தேதி நேத்துத் தேதி."

எடுத்த தேதியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சுகன்யாவுக்குத் தெரியாது. ஜெயப்பிரியா சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அழிக்க முடியாத இடத்தில் தன் கையெழுத்து இருப்பதாக இப்போதுதான் தெரிகிறது.

வேலப்பன் மெதுவாகத் திரும்பினான். "ஏலே சக்தி."

சக்திவேல் முதலில் சிரித்தான். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"என்னையவா கேக்குற? சூடம் அணைச்சுட்டு நான் அப்பிடிச் செய்வனா?"

"உன்னையும் என்னையும் தவிர இந்தப் பேரு வேற எவனுக்குடா வேணும்?"

"பூசாரி, ஏத்துங்க சூடத்த!" சக்திவேலின் குரல் கிழிந்தது. "எம் புள்ள தலையில அடிச்சுச் சொல்றேன். நான் தொடல. தொட்டிருந்தா இவ எனக்கு இல்லாமப் போகட்டும்."

பூசாரி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. சூடம் எரிந்தது. இடது கையை ரோகிணியின் தலையில் வைத்தான். பிள்ளை என்னவென்று புரியாமல் கையில் இருந்த வாழைப்பழத்தைக் கடித்தது. வலது உள்ளங்கை நெருப்பை நோக்கி இறங்கியது.

சுகன்யா எப்படி அத்தனை பேரைத் தள்ளிக்கொண்டு போனாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க! நாந்தான் எடுத்தேன். நாந்தான்!"

சூடம் தானாக எரிந்து அணைந்தது.

"எந்த போன்ல?" என்று சக்திவேல் கேட்டான்.

"உங்க போன்லதான்."

"எப்ப?"

"நீங்க கயிறு கட்டிக்கிட்டிருந்தப்ப."

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. அவன் திங்கட்கிழமை சூடம் அணைத்த உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அந்த டயரு..." என்றான். நேற்றிலிருந்து அவள் ஒருத்தி சுமந்த பயம் அவன் முகத்துக்கு ஏறுவதை அவள் பார்த்தாள்.

கண்மணி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தாள். அத்தனைக்கும் சுகன்யா தலை குனிந்து நின்றாள். அன்றைக்கே பாஸ்வேர்டைக் கோகுல்ராஜிடம் கொடுத்தாள். வீரம்மாள் மட்டும் யாரையும் திட்டவில்லை. "எம்பேரு கெடக்குது. ஞாயித்துக்கெழமச் சந்தைக்குச் சரக்கு எறங்கணும். எவன் ஓட்டுவான்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே சக்திவேல் சாவியை எடுத்தான். சுகன்யா வாசலை மறித்தாள்.

"போகாதீங்க. பரிகாரம் பண்ணிட்டுப் போலாம். ஒரு சந்தை போனாப் போகட்டும்."

"அண்ணன் சரக்கும் கெடக்கு அதுல. நம்ம பண்ணுன வேலைக்கு அவுக நட்டப்படணுமா?" என்றான். சொன்னானே ஒழிய, வாசற்படியைத் தாண்டவில்லை.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வேலப்பன் வந்தான். தலையில் மப்ளர், காலில் செருப்பு. இரண்டு நாளாகத் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாதவன் கையை நீட்டினான்.

"சாவியக் கொடு."

"நீ ஓட்டி ஆறு வருசமாச்சுண்ணே."

"சூடத்த நானுந்தான் அணைச்சேன். நான் மீறல. என்னைய ஒண்ணும் செய்யமாட்டான். பரிகாரம் முடியிற வரைக்கும் நீ எறங்கக் கூடாது. கொடுலே."

சக்திவேல் கொடுத்துவிட்டுத் திண்டாடிப்போய் நின்றான். வண்டி இரண்டு தடவை உறுமி நின்று, மூன்றாம் தடவை கிளம்பியது. அவன் கியர் மாற்றத் திணறியதில் அது கத்திய கத்தல் முதல் வளைவு வரைக்கும் கேட்டது. சுகன்யாவுக்கு அப்போதுதான் முழுப் பயமும் பிடித்தது. சத்தியம் மீறாதவரைக் கருப்பு விட்டுவிடுவார், சரி. ஆறு வருடமாக ஸ்டியரிங் பிடிக்காத கையை அந்தப் பாதை விடுமா? தன் புருஷனுக்கு வர இருந்ததை இன்னொருத்தி புருஷன் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டோமே என்று ரோட்டுக்கு ஓடினாள்.

ரோட்டோரத்தில் கண்மணி நின்றாள். சுகன்யா போய்ப் பத்தடி தள்ளி நின்றாள். இன்னும் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பாள். ஏழு மணி, எட்டு மணி. பால் வண்டி போயிற்று, பள்ளத்திலிருந்து மேகம் ஏறி ரோட்டை மூடியது, விலகியது.

ஒன்பதேகாலுக்குக் கண்மணியின் போன் அடித்தது. அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. நடந்து வந்து சுகன்யாவின் கையில் திணித்தாள்.

"நீயே எடு. எதுவா இருந்தாலும் நீயே கேளு."

சுகன்யா காதில் வைத்தாள். சந்தை இரைச்சல், மூட்டை விழுகிற சத்தம், நடுவில் வேலப்பன் குரல். எடை போடுகிறார்கள், விலை பரவாயில்லை, அம்மாவிடம் சொல்லு என்றது.

"எறங்கிட்டாராம்க்கா" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கண்மணி அழவில்லை. ரோட்டோரக் கல்லில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுப் பக்கம் போகிற எண்ணமே அவளுக்கு இல்லை என்று தெரிந்தது.

"எறங்கிட்டாரு, சரி. இனி ஏறணும்ல" என்றாள்.

சுகன்யாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.