உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்

1

"எனக்குன்னுதானே சொன்னே?"

"உனக்குன்னுதான், ஆனா—"

"ஊருக்கே சொல்லியிருக்கே! பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்தவ பையிலயும் நீதான் பேசுற!"

"நான் சொல்றத முழுசா—"

"முழுசாக் கேட்டாச்சு. தெனம் பத்து மணிக்குக் கேக்குறேன். வீட்டு நாய்கூட உன் குரலுக்கு வாலாட்டப் பழகிடுச்சு."

"கசேரா, கொஞ்சம் பொறு—"

"கசேரான்னு கூப்பிடாதே. அந்த வார்த்தையத்தான் வித்துட்டியே. ஒரு தார்ப்பாய்க்கு!"

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். கொச்சபாம்பா நகரத்தின் பெரிய சந்தையில் நான் பொத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். நடுவே தொங்கிய பாவாடை வரிசை முகங்களை மறைத்துவிட்டது. எனக்குக் கதை எப்போதும் காது வழியாகத்தான் வரும் என்பதால் அதில் குறை ஒன்றும் இல்லை. முகங்களை நானே போட்டுக்கொண்டேன்.

[முதலில் 'மழைக்காலத்தின் ஒரு மங்கிய காலையில்' என்று தொடங்கியிருந்தேன். அன்று மழையே இல்லை. அடித்துவிட்டேன்.]

2

கோபப்பட்டவள் எர்சிலியா. பேருந்து நிலையத்தருகே மத்தியானத்தில் வேர்க்கடலை சூப் விற்பவள். திட்டு வாங்கியவள் பிளாசிதா. சாக்குகளைத் திறந்துவைத்து அரிசி, மக்ரோனி, வேர்க்கடலை நிறுத்துக் கொடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாக எர்சிலியா வேறு கடையில் கடலை வாங்கியதில்லை. அங்கே வாடிக்கையாக வாங்குகிறவளும் கசேரா, விற்கிறவளும் கசேரா; ஒருத்தியை ஒருத்தி அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நிறுத்து முடித்த பிறகு பிளாசிதா ஒரு பிடி கூடப் போடுவாள். கொசுறு. எர்சிலியா கேட்கமாட்டாள், அவள் வேறு பக்கம் பார்க்கும்போதுதான் அது பையில் விழும்.

3

மக்ரோனி கம்பெனியிலிருந்து தனிட்சா வந்தாள்.

[இவளைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். உயரமான குதிகால், உதட்டுச் சாயம், பொய்ச் சிரிப்பு என்று... வரவில்லை. வாயைத் திறந்தால் உண்மையாகவே பேசுகிறாள், பெரியவர்களை 'தோன்யா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறாள்.]

"விளம்பரத்த எழுத்துல அனுப்பினா யாரும் படிக்கிறதில்ல, தோன்யா பிளாசிதா. விரலால தள்ளிட்டுப் போயிடுறாங்க. குரல் வந்தா நின்னு கேக்குறாங்க. அதுவும் தெரிஞ்சவங்க குரல் மாதிரி இருந்தா காதோட ஒட்ட வச்சுக்குறாங்க."

"எத்தனை மணிக்கு அனுப்புவே?"

"பத்துக்கு. மத்தியானத்துக்கு என்ன பண்ணலாம்னு எல்லாரும் யோசிக்கிற நேரம்."

"கெட்டிக்காரிதான். நான் என்ன பேசணும்?"

"தெனம் பேசுறதயே பேசுங்க."

கையிலுள்ள செல்பேசிக்குள் நுழைந்துவிட்ட சரக்கு பாதி விற்ற மாதிரி. மீதிப் பாதியை நம் ஆசை விற்றுக் கொடுக்கும். யாரோ நம்மைத் தேடுகிறார்கள் என்ற ஆசை. தனிட்சாவுக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் பிளாசிதாவுக்கு வெறும் காற்றோடு பேசத் தெரியாது. செல்பேசியை நீட்டியதும் கண்ணை மூடினாள். இரண்டு வாரமாக ஆளைக் காணாத எர்சிலியாவை எதிரே நிறுத்திக்கொண்டாள்.

"எங்கே கசேரா, ஆளையே காணோம்? உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். வா."

தனிட்சாவுக்குக் கண் கலங்கியது. "போதும். இதுதான்," என்றாள். கூலியாகக் கடைக்கு மஞ்சள் தார்ப்பாய் வந்தது.

4

[இந்தப் பகுதி கதைக்கு அவசியமில்லை. இருக்கட்டும்.]

பத்து மணி. நாற்பதாயிரம் செல்பேசிகளில் பிளாசிதா வாயைத் திறக்கிறாள். சலூன் கண்ணாடி முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில், ஈரத் துணிகளுக்கு நடுவே, தூங்குகிறவளின் தலையணைக்கடியில். ஆளையே காணோமே என்கிறாள். குரல்கள் ஒன்றுக்கொன்று ஒரு மூச்சு பிந்தி வருவதால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பெண் தன்னைத்தானே தேடிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது. பிளாசிதா தெருவில் நடந்தால் அவள் குரல் நாலு எட்டு முன்னால் நடக்கிறது. கடையில் நின்று அவளே வாய் திறந்து "எங்கே கசேரா" என்றால் சந்தைப் பெண்கள் சிரிக்கிறார்கள்: "ஐயோ, செல்போன்காரி மாதிரியே பேசுறாளே!"

அதன் பிறகு அவள் எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிறுத்துக் கொடுத்தாள்.

5

சண்டையின் மிச்சத்தை இப்போது சொல்லவேண்டும். அங்கேயே சொல்லியிருக்கலாம், கை வரவில்லை.

"நான் படுக்கையில கெடந்தேன். நீ கேட்டே, ஆளையே காணோம்னு. பதில் சொன்னேன்."

"எனக்கு ஒண்ணும் வரலியே!"

"நீ புது நம்பர் வாங்கியிருக்கேன்னு நெனச்சேன். பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஆறு நிமிஷம் பேசினேன். எம் பொண்ணுகிட்ட சொல்லாதது, பாதிரியார்கிட்ட சொல்லாதது. என்ன வந்துச்சு தெரியுமா? 'உங்கள் கருத்துக்கு நன்றி. மக்ரோனி சமையல் குறிப்புக்கு ஒன்று என அனுப்பவும்.'"

"என்ன சொன்னே அதுல?"

"ஒண்ணுன்னு அனுப்பிக் கேட்டுக்கோ."

எர்சிலியா போய்விட்டாள். என் கையில் நாலு பொத்தான்.

6

அந்த ஆறு நிமிஷத்தை எழுதிப் பார்த்தேன்.

கசேரா, நான்தான். காணோமேன்னு கேட்டியே, அதான் சொல்றேன். டாக்டர் என்னை உக்காரச் சொல்லிட்டு

இல்லை.

கசேரா, ராத்திரியானா எனக்குத் தனியா இருக்க

இதுவும் இல்லை. அவள் யாருக்குச் சொன்னாளோ அவளுக்கே கிடைக்காததை நான் எடுத்து உங்களிடம் நீட்டினால் நானும் அந்தக் கம்பெனியும் ஒன்று. விட்டுவிட்டேன்.

பிளாசிதா விடவில்லை. தார்ப்பாயை அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டு தனிட்சாவின் அலுவலகத்துக்கே போனாள்.

"இத வச்சுக்கோ. எர்சிலியா பேசினதக் குடு."

"அது கம்பெனியோடது, தோன்யா. எனக்கே தெறக்காது."

"எங்கிட்ட பேசினதுடி!"

"உங்க குரல்கிட்ட பேசினது."

தனிட்சா அதை மரியாதையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு தன் செல்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

7

முடிவுகள். ஒன்றில் எர்சிலியா சூப்புச் சட்டியோடு திரும்பி வருகிறாள், இருவரும் அழுகிறார்கள். எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொன்றில் பிளாசிதா புதிதாக ஒரு குரல் அனுப்புகிறாள், மன்னிப்புக் கேட்டு; ஆனால் எர்சிலியா அந்தக் குரலை இனி எப்படித் திறந்து கேட்பாள்? மூன்றாவதில் அந்தக் கட்டி

வேண்டாம். கட்டி என்று யாரும் சொல்லவில்லை. அது என் பயம்.

ஆகவே கண்டதை மட்டும் வைக்கிறேன்; மேலே நடப்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை பொத்தான் போதாமல் மறுபடி போனேன், இந்த முறை பாவாடை வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றேன். எர்சிலியா சந்தையின் மறுகோடியில் வேறொருத்தியிடம் கடலை வாங்கிக்கொண்டு, பிளாசிதாவின் கடையை நேராகப் பார்க்காமல் கடந்து போனாள். நடை மெதுவாகியிருந்தது. மணி பத்து, சுற்றிலும் கைப்பைகள் 'ஆளையே காணோம்' என்று முனகத் தொடங்கின. பிளாசிதா தராசைப் போட்டுவிட்டுப் பாதைக்கு இறங்கினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். நாலு எட்டு பின்னாலேயே நடந்தாள். பிறகு, சந்தைக்குக் கூவும் குரலில் இல்லாமல், எனக்கே அரைகுறையாகக் கேட்கும்படி சொன்னாள்:

"பை அடியில கிழிஞ்சிருக்கு, கடலை வழியெல்லாம் கொட்டிக்கிட்டே போகுது. நில்லேன்."