பச்சை எழுத்தில் ஒரு பத்தி

முப்பத்தொரு வருடம் பள்ளி ஆய்வாளராக இருந்தேன். நான் வகுப்பறை வாசலில் நின்றால் பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியர்கள் எழுந்துவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் போட வேண்டிய கையெழுத்தை மறுநாள் போட்டிருந்தால், மையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பொய் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். என் மருமகளின் கல்லூரியில் அன்று நடந்ததை அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

மகன் கப்பலில் வேலை செய்கிறான். வருடத்துக்கு இரண்டு முறை வருவான். பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், மருமகள் தகவல் தொழில்நுட்பம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தாள். நெட்வொர்க்கிங், வெப் டிசைன், இன்னும் எனக்கு வாயில் நுழையாத இரண்டு பாடங்கள். நெட்வொர்க்கிங்கில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கினாள். வெப் டிசைனில் தோற்றுப்போனாள்.

அவளுடைய மதிப்பெண் தாளை நான் மேசைமேல் வைத்தேன்.

"இன்னொரு தடவை எழுது. அதுலயும் போச்சுன்னா படிப்பை நிறுத்திடு. நம்ம வீட்டுல இதுவரைக்கும் யாரும் தோத்ததில்லை."

"சரி மாமா" என்றாள். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதற்கு அர்த்தம் அன்று எனக்குப் புரியவில்லை.

மறுதேர்வு என்பது எழுத்துத் தேர்வு இல்லை. ஆறு பக்கங்கள் கொண்ட ஒரு வலைத்தளத்தைத் தானே எழுதிக்கொண்டுபோய்த் தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். விஷயம் உண்மையானதாக இருக்க வேண்டும். ஒரு கடை, ஒரு சங்கம், ஒரு குடும்பம், எதுவானாலும் சரி. எழுதிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று தள்ளிவிடுவார்கள்.

தெருமுனைத் தையற்காரருக்குச் செய்து கொடுப்பதாக அவள் பேசி வைத்திருந்தாள். நான்தான் விடவில்லை.

"தையல் மெஷினைப் போய் யார் பார்ப்பாங்க? நம்ம குடும்பத்தைப் போடு. எங்கப்பா காலத்துலேர்ந்து எங்கிட்ட எல்லாம் இருக்கு."

ஒரு மாதம் தினமும் காலையில் அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் தகப்பனாருக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். என்னைப் பற்றி நான் சொல்லச் சொல்ல நான்கு பத்திகள் தட்டினாள். பணி ஓய்வு விழாவில் எடுத்த படத்தை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னேன்.

"போதும் மாமா. உங்க மீசைக்கே ரெண்டு எம்பி ஆகுது. பக்கம் திறக்கறதுக்குள்ள பார்க்க வந்தவங்க எழுந்து போயிடுவாங்க."

"போகட்டுமே. பெரிசாவே இருக்கட்டும்."

ஐந்தாவது பக்கத்தை அவள் எனக்குத் தெரியாமல் செய்திருந்தாள். ஒருநாள் அதைத் திறந்து காட்டினாள். திரையில் ஏணிமேல் நிற்கும் ஒரு ஆள் இருந்தான். தலை பாதி கூரைப் பலகைக்குள் மறைந்திருந்தது. தோளில் நீலக் கேபிள் சுருள். சட்டையில் சுண்ணாம்புத் தூசு. கீழே 'சின்ன மாமா' என்று இருந்தது.

அவன் என் தம்பி.

இதை எழுதுவதற்கே கை கூசுகிறது. என் தம்பி பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றான். பிறகு டெலிபோன் கம்பி போடுகிறவர்களோடு குழி தோண்டப் போனான். நான் ஆய்வாளராகி ஊர் ஊராகப் போனபோது, அவனை மண்வெட்டியோடு சாலையோரத்தில் பார்க்கிறவர்கள் என்னிடம் வந்து சொல்வார்கள். ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, வெளியே என்னைப் பார்த்தால் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றேன். அவன் தலையாட்டினான். அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் 'சார்' என்றுதான் சொன்னான். மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது சம்பந்தியிடம், தம்பி வெளிநாட்டில் இன்ஜினீயராக இருக்கிறான் என்று சொன்னேன். கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். அவன் வரவில்லை.

"இவர் வெளிநாட்டுலேர்ந்து எப்ப வந்தார் மாமா?" என்று கேட்டாள் மருமகள். குரலில் கோபம் இல்லை. அதுதான் உறைத்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க காலேஜ்ல கேபிள் எல்லாம் இவர்தான். பசங்க கேபிள் அண்ணன்னு கூப்பிடுவாங்க. முதல் நாளே பார்த்தேன். உங்க மூக்கு அப்படியே இருக்கு. கேட்டேன். இல்லம்மா, நீ ஆள் மாறிப் பேசறேன்னார். அப்படிச் சொல்றப்பவே கண்ணு கலங்கிடுச்சு. ஆறு மாசமா எனக்குத் தெரியும்."

"இதை எடுத்துடு."

"மாமா..."

"எடுன்னேன். படிக்கப் போனியா, குடும்ப மானத்தைக் கடைத்தெருவுல விக்கப் போனியா?"

மறுநாள் பார்த்தேன். ஐந்தாவது பக்கத்தில் பேத்தி வரைந்த ஒரு படம் மட்டும் இருந்தது. மருமகள் சொன்னபடி கேட்டாள் என்று திருப்தியாக நாற்காலியை மடித்து வைத்தேன்.

தேர்வு நாளன்று குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு போனேன். கணினி அறை மூன்றாம் மாடியில் இருந்தது. மேசை வரிசைகளுக்குப் பின்னால் எங்களுக்கு நாற்காலிகள். முன்சுவரில் பெரிய திரை. துறைத் தலைவி ஓரமாக உட்கார்ந்திருந்தார். வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான ஆள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரே மாதிரிக் கேள்வி கேட்டார். எனக்குப் பக்கத்தில், சம்பந்தி வீட்டுக்கு உறவான ஒரு அம்மாள் இருந்தார். அவர் மகனுக்கும் அன்றுதான் தேர்வு.

மூன்று பேர் முடிந்ததும் திரையில் எதுவும் திறக்கவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்றார்கள். "கேபிள் அண்ணனைக் கூப்பிடு" என்று ஒரு பையன் கத்தினான்.

தம்பி வந்தான். நரைத்திருந்தான். கையில் இடுக்கி மாதிரி ஒரு கருவி. சுவரிலிருந்து வந்த கேபிள் வரிசையாக எங்கள் நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி குனிந்தே வந்தவன் என் செருப்புக்கு முன்னால் நின்றான். நிமிர்ந்தான்.

"சார், காலைக் கொஞ்சம் நகத்திக்கிறீங்களா? கேபிள் மிதிபட்டிருக்கு."

நகர்த்தினேன். அவன் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, நைந்த முனையை வெட்டி எறிந்தான். நீலத் தோலைச் சீவினான். உள்ளே இருந்த எட்டுச் சின்னக் கம்பிகளையும் பிரித்து, நிறம் பார்த்து வரிசையாக நிறுத்தி, புது முனைக்குள் செருகி, கருவியால் ஒரே அழுத்து. என் முழங்காலுக்கும் அவன் தலைக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்துடுச்சு" என்றான். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, கதவுப் பக்கம் போய் நின்றான். அடுத்தது என் மருமகள்.

என் தகப்பனார் திரையில் வந்தார். பிறகு நான் வந்தேன், மெதுவாக, மீசையிலிருந்து தொடங்கி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் மருமகள் பட்பட்டென்று பதில் சொன்னாள். ஐந்தாவது பக்கம் வந்ததும் அவர் சுட்டியை எடுத்து எதையோ அழுத்தினார். படம் போய், பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள் வந்தன. அவள் தட்டிய வரிகள் எல்லாமே அங்கே இருந்தன. நடுவில் ஒரு பத்தி மட்டும் பச்சை நிறத்தில்.

எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். வலைப்பக்கம் எழுதுகிறவர்கள் வேண்டாத வரியை அழிக்க மாட்டார்களாம். முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி போட்டு மூடிவிடுவார்களாம். பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. குறியை எடுத்தால் பழையபடி வந்துவிடும். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 'எடுத்துடு' என்று நான் சொன்னதும் அவள் அதைத்தான் செய்திருக்கிறாள்.

பச்சைப் பத்தியின் தலையில் எல்லோரும் படிக்கிற அளவில் இருந்தது: 'சின்ன மாமா பகுதி. மாமனார் வேண்டாம் என்றதால் மூடியது. அவர் மனது மாறியதும் திறக்க வேண்டும்.' கீழே, இந்தக் கல்லூரியில் கேபிள் போடுகிறவர் என்று தொடங்கி ஏழெட்டு வரிகள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"இது என்னம்மா?"

மருமகள் திரையைப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய பகுதியை ஏன் மூடி வெச்சிருக்கீங்க? காரணம் சொல்லுங்க."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எல்லோரும் என்னைப் பார்த்திருப்பார்கள். அதற்காகத்தான் திரும்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கையிலிருந்த நுழைவுச்சீட்டின் ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டு நின்றாள்.

"சொந்தமா எழுதினதுன்னா பதில் சொல்லத் தெரியணும். இல்லேன்னா நான் எப்படிப் பாஸ் போடறது?"

துறைத் தலைவி கதவுப் பக்கம் பார்த்தார். "கேபிள் போடறவர்னா இவர்தானே? ஏங்க, இவங்க உங்களுக்கு உறவா?"

அறை மொத்தமும் தம்பியின் பக்கம் திரும்பியது. அவன் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் நான் எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

"இல்லீங்க மேடம்" என்றான். "மரியாதைக்கு அப்படிக் கூப்பிடும் அந்தப் பொண்ணு. நமக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் கிடையாது."

எனக்கு மூச்சு வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். "அப்ப இது இன்னும் மோசம். குடும்பம்னு போட்டுட்டு, குடும்பத்துல இல்லாத ஆளைச் சேர்த்திருக்கீங்க. விஷயம் உண்மையா இருக்கணும்னு முதல் வரியிலேயே சொல்லியிருக்கோம். கடைசியா கேக்கறேன். இதுக்கு ஏதாவது சொல்ல இருக்கா?"

"இல்ல சார்" என்றாள் மருமகள்.

என் வயதில், என் வேலையில் இருந்தவனுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தோற்ற பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுபிடிக்கிறவன் நான். அவள் அப்படி நிற்கவில்லை. பதில் தெரிந்தும் தாளை வெறுமையாகக் கொடுக்கிற பிள்ளை மாதிரி நின்றாள். தேர்வாளரின் பேனா மதிப்பெண் தாளில் படப்போவதைப் பார்த்தேன்.

எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவன் என் தம்பி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. "கூடப் பிறந்தவன். எடுக்கச் சொன்னது நான். கேபிள் போடறவன்னு வெளிய தெரிஞ்சா எனக்குக் கௌரவக் குறைச்சல்னு எடுக்கச் சொன்னேன். அந்தப் பொண்ணு எழுதினது உண்மை. நான் சொன்னதுதான் பொய்."

"இவர் தம்பி வெளிநாட்டுலன்னுல்ல சொன்னாங்க?" என்று பக்கத்து அம்மாள் தன் மகனிடம் கேட்டது மொத்த அறைக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தேர்வாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எத்தனையோ ஆசிரியர்களை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"உக்காருங்க பெரியவரே" என்றார். பிறகு மருமகளிடம், "மூடினதைத் திறந்து ஓட்டிக் காட்டுங்க. அதுவும் பரீட்சைதான்" என்றார்.

அவள் இரண்டு குறிகளை அழித்தாள். ஏணிமேல் என் தம்பி வந்தான். வீட்டில் படத்தைப் பார்த்ததோடு நான் நிறுத்தியிருந்தேன். கீழே என்ன இருக்கிறது என்று படிக்கவே இல்லை. என்னைப் பற்றி ஏதாவது இருக்குமோ என்று தேடினேன். ஒரு வரி இல்லை. நான்கு மாடிக்கும் கேபிள் இழுத்தவர் என்று இருந்தது. 'கேபிளுக்கு முனை போட எனக்குப் பழக்கியவர்' என்று இருந்தது. நெட்வொர்க்கிங்கில் முதல் மதிப்பெண் இவரால் வாங்கியது என்று இருந்தது.

அவள் தேறினாள். என் பக்கம் திறக்க நேரமாகிறது என்று இரண்டு மதிப்பெண் மட்டும் குறைத்தார்கள்.

நான் வெளியே வந்தபோது தம்பி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். பின்னாலேயே போனேன்.

"ஒரு நிமிஷம் நில்லுடா."

நின்றான். முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு வந்தவன் மாதிரி நின்றான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்."

"பார்க்கலாம்."

"வரமாட்டியா?"

"கூப்பிட்டதும் வந்து நிக்கறதுக்கு எனக்கு இப்ப மனசு வரலை" என்றான். "எனக்கும் ஒரு வீடு இருக்கு. பொண்டாட்டி இருக்கா. ரெண்டு பொண்ணுங்க. முடிஞ்சா நீங்க வாங்க."

கீழே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்திருந்தேன். எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு இரண்டு பெண்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள் மதிப்பெண் தாளோடு இறங்கி வந்தாள்.

"உன் சின்ன மாமா வீடு எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை.

"பஸ்ல போனா இருபது நிமிஷம் மாமா" என்றாள்.