பட்டினி கிடந்த பேட்டரி

முதலில் அவளுடைய வலது காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படியில் வழுக்கி விழுந்து, கணுக்கால் உடைந்து, உள்ளே தகடு வைத்த கால் அது. நடக்கும், பிரேக்கை மிதிக்கும். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புவது மட்டும் அந்தக் காலால் ஆகாது. பொத்தானை அழுத்தித்தான் கிளப்ப வேண்டும். அந்தப் பொத்தானுக்கு உயிர் பேட்டரியில் இருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டீர்கள் என்றால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அவளுக்கு வேலை ரத்தம் எடுப்பது. வயதானவர்கள், நடமாட முடியாதவர்கள் வீடுகளுக்குக் காலையில் போய், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, அந்தக் குப்பிகளை வண்டியின் பின்னால் கட்டிய குளிர்ப்பெட்டியில் வைத்து, குளிர் குறையாமல் பரிசோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அவள் வரும்வரை ஒரு தெருவே வாயில் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் படாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பசித்திருப்பவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் இல்லையா? அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அவள் அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. "கொசு வந்தாச்சு, கையை நீட்டுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைவாள்.

கொஞ்ச நாளாக வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ராத்திரி சார்ஜரில் போட்டு எடுத்தால் காலையில் சமர்த்தாகக் கிளம்பும். இரண்டு மூன்று வீடு தாண்டியதும் பொத்தானை அழுத்தினால் கிழவர் இருமுவது மாதிரி ஒரு முனகல். அடுத்த வீட்டில் அதுவும் இல்லை, வெறும் 'டக்'. அப்புறம் அந்த வீட்டிலிருந்து யாராவது வந்து உதைத்துக் கொடுக்க வேண்டும். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு மருமகன் வந்து உதைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் கிளம்பிய டீச்சரம்மா ஒருத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்திருக்கிறாள். இப்படி ஒவ்வொரு வாசலிலும் நேரம் போய், குப்பிகள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. மேற்பார்வையாளர் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இந்த வாரமும் இப்படியே லேட்டானா அந்தப் பக்கத்து வீடுகளை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்மா. கோவிச்சுக்காதீங்க."

அந்தப் பக்கம் போனால் அவளுக்கு வேறு வேலை இல்லை. அதைவிட, அந்த வீடுகளில் யாருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். புது ஆள் வந்தால் தேடித் தேடிக் குத்துவான். அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

அவள் கொழுந்தன், வீட்டிலேயே ஃபேன், மிக்சி ரிப்பேர் பார்ப்பவன். கணவன் லாரி ஓட்டுபவன், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். ஆகவே வண்டி விஷயத்துக்கெல்லாம் கொழுந்தன்தான்.

"போன தடவை வாங்கின கடைக்காரன் ஏமாத்திட்டான் அண்ணி. இந்த தடவை பெரிசா வாங்கிடலாம். இடம் பத்தலைன்னா கம்பியை வெட்டிக்கலாம்" என்றான்.

நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே இருந்தவளை டிரில் மாஸ்டர்தான் கடைக்கு விரட்டினார். அவள் ரத்தம் எடுக்கும் வீடுகளில் ஒன்று அவருடையது. ஓய்வுபெற்றவர், இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர். அன்றைக்கு ரத்தம் எடுத்துவிட்டு வெளியே வந்து அவள் பொத்தானை அழுத்த, 'டக்'. உதைக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

"தள்ளு கொசு. நான் பாத்துக்கறேன்" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஐயோ, வேண்டாம் ஐயா!"

உள்ளேயிருந்து அவர் மனைவி கத்தினாள். "மாடிப்படியே ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இங்க மோட்டார் சைக்கிள் ஏறப் போறாராம்!"

"நீ சும்மா இருடி. எத்தனை பசங்களை ஓட விட்டிருக்கேன்!"

வண்டி கிளம்பத்தான் கிளம்பியது. அவர் இறங்கி, இரண்டு எட்டு வைத்து, முகம் வெளுத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கொசு ஓடிவந்து நாடி பிடித்துப் பார்த்தாள். சர்க்கரை கரைத்த தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடிக்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது.

"வண்டி ஓடுதா?" என்று கேட்டார் முதல் வேலையாக.

"ஓடுது ஐயா."

"அப்ப நான் பாஸ்."

அவர் மனைவி கொசுவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டு அவள் குப்பிகளைத் தாமதமாகவே கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்புறம் எஞ்சினை நிறுத்தாமல் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போனாள்.

"பெரிசா ஒண்ணு குடுங்க. கம்பியை வெட்டி இடம் பண்ணிக்கலாம்னு எங்க கொழுந்தன் சொன்னார்."

"அவர் மெக்கானிக்கா?"

"ஃபேன் ரிப்பேர் பண்ணுவார்."

"பண்ணினப்புறம் ஓடுமா?"

"சுத்தும். கொஞ்சம் சத்தம் போடும்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பழைய பேட்டரியைக் கழற்றிச் சோதித்தார். "பெரிய தொட்டி வெச்சா குழாய்ல தண்ணி கூடவா வந்துடும்? வண்டி குடுக்கற சார்ஜ் அதேதான். கம்பெனி போட்ட அளவே போதும். இது எப்ப வாங்கினது?"

"இந்த வருஷம்தான்."

"சாகற வயசில்லையே. இதுக்கு நோயும் இல்லீங்க, பட்டினி. திரும்பத் திரும்பக் காலியாகிக் காலியாகிச் செத்திருக்கு. இனிமே சார்ஜ் ஏத்தினாலும் நிக்காது."

பட்டினி என்றதும் அவளுக்குத் தெருவில் காத்திருக்கும் முகங்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

அவர் அதே அளவில், தண்ணீர் ஊற்ற வேண்டாத மூடிய பேட்டரியாக ஒன்றை எடுத்தார். அதில் குத்தியிருந்த தயாரிப்புத் தேதியைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டார். "இது அலமாரியிலேயே தூங்கினது" என்று வேறொன்றை எடுத்தார். அதை உடனே மாட்டவும் இல்லை. சாயங்காலம் வரை சார்ஜ் ஏறட்டும் என்றார். அவளும் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். மாட்டும்போது வயருக்கு நடுவில் மீட்டரை வைத்தார். எதுவும் கரண்டை எடுக்கவில்லை என்றால் முள் படுத்திருக்க வேண்டும். எழுந்து நின்றது.

"வண்டி நிக்குது, சாவி என் கையில இருக்கு. அப்ப யாருங்க குடிக்கறது?"

கொசு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பின் இருக்கையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு மெல்லிய சத்தம். அவளுக்கு நன்றாகப் பழகிய சத்தம். எழுந்துபோய், குளிர்ப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். முள் படுத்துக்கொண்டது.

அந்தப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தவன் கொழுந்தன். ஐஸ் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணி நொண்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல், பேட்டரியிலேயே ஓடுகிற மாதிரி அவனாகச் செய்தது. அவள் ஒவ்வொரு வீட்டிலும் எஞ்சினை நிறுத்திவிட்டு ரத்தம் எடுக்கும்போதெல்லாம் அது வெளியே உட்கார்ந்து பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதான் குடிக்குது. கழட்டிடவா?"

"வேண்டாங்க. கட்டினவரே கழட்டட்டும்."

கடைக்காரர் பிளக்கை மட்டும் பிடுங்கியபடியே விட்டு, பேட்டரி முனைகளில் வாஸ்லின் களிம்பு தடவி மூடினார். "மாசம் ஒரு தடவை இதைத் துடைச்சு முடுக்கிக்கங்க. பொத்தானை ரொம்ப நேரம் அழுத்தாதீங்க. முக்கியமா, நின்னு நின்னு போற வண்டிக்குப் பசி ஆறாது. தினம் ஒரு தடவையாவது நிறுத்தாம தூரமா ஓட்டுங்க."

வீட்டில் கொழுந்தன் ஒரு ஃபேனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பெரிசா வாங்கினீங்களா அண்ணி?"

"அதே அளவுதான்."

"நான் அவ்வளவு சொல்லியும்..."

"தம்பி, இப்ப காதைக் குடுங்க. வாயை அப்புறம் குடுக்கலாம்."

டிரில் மாஸ்டர் படியில் உட்கார்ந்ததிலிருந்து மீட்டர் முள் வரைக்கும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் அவனுக்கு இன்னும் வலிக்கும் என்று நினைத்தாள். அவன் கையிலிருந்த திருப்புளியைத் தரையில் வைத்தான்.

"அப்ப அவர் மயங்கினதுக்குக் காரணம் நான்தானா?"

"உங்க பெட்டி நல்லா வேலை செஞ்சுது தம்பி. அதான் கஷ்டமே. நீங்க பண்ற மத்ததெல்லாம் மாதிரி இதுவும் ஓடாம இருந்திருந்தா பேட்டரி பொழைச்சிருக்கும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கலாமா கூடாதா என்று அவனுக்கே தெரியவில்லை. பிறகு தோள் மட்டும் குலுங்கியது. எழுந்து வெளியே போய், பெட்டியின் வயர்களைக் கழற்றி, முனைகளுக்கு டேப் சுற்றினான். பெட்டியைக் கீழே இறக்கித் திறந்து, வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐஸை யார் தூக்குவாங்க அண்ணி?"

"நான்தான். முன்னாடி தூக்கலையா?"

"வேண்டாம். ஐஸ் வெச்ச பெட்டியை வண்டியிலேயே கட்டி வெச்சிடறேன். நீங்க குப்பியை மட்டும் கொண்டுபோய் வைங்க. காலையில நான் எழுந்துக்கறேன்."

எழுந்துகொண்டான், நம்புங்கள். பத்து மணிக்கு முன் கண் திறக்காதவன், கொட்டாவி விட்டுக்கொண்டு பெட்டியைக் கட்டினான். அன்று எல்லா வாசலிலும் வண்டி பொத்தானை அழுத்தியதும் கிளம்பியது. மருமகன் முகம் மழித்து முடித்தார். வாரம் முடிந்தபோது மேற்பார்வையாளர் குப்பிகளை வாங்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பரவாயில்லையேம்மா. அந்தப் பக்கம் உங்ககிட்டயே இருக்கட்டும். இன்னும் ரெண்டு வீடு சேத்துக்கறீங்களா? உங்க தெருவுக்குப் பக்கத்துலயே ரெண்டு இருக்கு."

"பக்கத்துல வேண்டாங்க. தூரமா இருந்தா குடுங்க."

அவர் பேனாவை மூடினார். "எல்லாரும் கிட்ட குடுங்கன்னுதான் கேப்பாங்க. அதுவும் இந்தக் காலை வெச்சுக்கிட்டு..."

"காலுக்காக இல்லீங்க. பேட்டரிக்கு."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் பட்டியலின் கடைசிக்குப் போனார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு வீடு இருக்கு. யாரும் போக மாட்டேங்கறாங்க."

"எனக்குக் குடுங்க" என்றவள், சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள். "அங்க இருக்கறவங்களுக்கு எத்தனை மணிக்குங்க பசிக்க ஆரம்பிக்கும்?"