எல்சிக்கு ஓர் ஓட்டு

நெட்டா கெடஸைப் பார்த்தவர் யாரும், படக்கதையில் வருகிற ஒரு பெண்ணுக்காக இவள் அழுவாள் என்று நம்பமாட்டார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவளுடையது. அம்மாவுக்குச் சணல் ஆலையில் வேலை. ஐந்து தம்பிகளின் துணியையும் நெட்டாதான் துவைப்பாள். பன்னிரண்டு வயதிலேயே அவள் படியிறங்கி வந்தால் பையன்கள் சுவரோடு ஒண்டிக்கொண்டு வழிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் வியாழக்கிழமை சாயங்காலமானால் 'பிரிம்ரோஸ்' பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாள்.

எழுபதுகளில் பெண்பிள்ளைகளுக்கென்று இப்படி வாராவாரம் எத்தனையோ படக்கதைப் பத்திரிகைகள் வந்தன. எதைத் திறந்தாலும் ஓர் அநாதைப் பெண் கஷ்டப்பட்டுக்கொண்டிருப்பாள். எங்களுடைய கஷ்டக்காரி 'சலவைக்கூடத்து எல்சி'. அம்மா செத்து, அப்பா கடலில் தொலைந்துபோக, மிஸஸ் ஸ்க்ரோப் என்ற தூரத்துச் சொந்தக்காரி அவளை நிலவறையில் பூட்டி, ஊர் அழுக்கையெல்லாம் துவைக்க வைத்திருந்தாள். ஒரு வாரம் எல்சிக்குக் கை வெந்துபோகும். அடுத்த வாரம் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் காய்ச்சல் விட்டுவிடும், நாய் காணாமல் போய்விடும்.

"நம்மளவிட மோசமா ஒருத்தி இருக்காடி, ரோனா," என்பாள் நெட்டா, தம்பிகளின் காலுறையைப் பிழிந்துகொண்டே. அது அவளுக்கு எவ்வளவு பெரிய துணை என்று எனக்கு அப்போது புரியவில்லை. எனக்குத் தம்பிகள் கிடையாது.

கடைசிப் பக்கத்தில் ஓர் ஓட்டுச் சீட்டு இருக்கும். பிடித்த கதைகளை வரிசைப்படுத்தி எழுதி, வெட்டி, தபால் அட்டையில் ஒட்டி அனுப்ப வேண்டும். வெட்டினால் பின்பக்கத்தில் இன்னொரு கதையின் நாயகி, ஹாக்கி கேப்டன் ஹில்டாவின் இரண்டு காலும் போய்விடும். அதற்காக ஒருவரும் வருத்தப்பட்டதில்லை. ஹில்டா எல்லா ஆட்டத்திலும் ஜெயிப்பவள். அவளை எவளுக்குப் பிடிக்கும்? நெட்டா வாரம் தவறாமல் எல்சிக்கு முதலிடம் போட்டு அனுப்பினாள்.

கீழ்த்தளத்தில் மிஸ்டர் பெட்ரி இருந்தார். ஆறடி உயரம், வாயில் பைப், கூண்டில் ஒரு கானரிக் குருவி. ஏதோ பத்திரிகை ஆபீசில் வேலை என்று மட்டும் தெரியும். ஒரு வியாழக்கிழமை நெட்டா அழுவதைப் பார்த்து நின்றார். எட்டி மடியிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். காது சிவந்துபோனது.

"இது நல்லாருக்காம்மா?" என்றார்.

"நல்லாவா? எவளோ ஒரு படுபாவி எழுதுறா."

"நான்தாம்மா அந்தப் படுபாவி."

அந்தப் பத்திரிகைகளில் எழுதுகிறவர் பெயர் போடுவதில்லை. நாங்கள் யாரோ சோகம் ததும்பும் சீமாட்டி எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். நெட்டா எழுந்து நின்றாள்.

"மிஸ்டர் பெட்ரி, அந்தப் பொண்ணு உங்களை என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணலை. எனக்கும் பாவமாத்தான் இருக்கு. மூணே மாசத்துல அவளை வெளிய கொண்டுவந்து, கேக்கெல்லாம் வெட்டி, கதையை முடிச்சுக் குடுத்தேன். எடிட்டர் அதை என் மூஞ்சியில விட்டெறிஞ்சார். ஓட்டு மூட்டை மூட்டையா வருதாம். முதல் இடத்துல இருக்கிற வரைக்கும் அவ உள்ளதான் இருக்கணுமாம்." பைப்பை எங்கள் பக்கம் நீட்டினார். "அவளை விடாம பிடிச்சு வச்சிருக்கறது நான் இல்லை. நீங்கதான்."

அன்று ராத்திரி நெட்டா சாப்பிடவில்லை. நெட்டா சாப்பிடாமல் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாள் வேலையைத் தொடங்கிவிட்டாள். பள்ளியில், சிப்ஸ் கடை வரிசையில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் என்று எங்கே எவள் 'பிரிம்ரோஸ்' படித்தாலும் அவள் முன்னால் போய் நின்றாள்.

"எல்சியைப் பிடிக்குமா?"

"உயிர்."

"அப்போ அவளுக்கு ஓட்டுப் போடாதே. ஹில்டாவுக்குப் போடு."

"ஹில்டாவுக்கா? அதுக்கு நான் செத்தே போலாம்."

"எல்சி செத்தாப் பரவாயில்லையா?"

நெட்டா கிளாஸ்கோவில் இருந்த சித்தி மகளுக்கு எழுதினாள், அவள் அங்கே ஒரு கூட்டத்தைச் சேர்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஊரெல்லாம் ஹில்டாவுக்குப் போட்டது. நாட்டின் பெண்பிள்ளைகளுக்குத் திடீரென்று ஹாக்கிப் பைத்தியம் பிடித்துவிட்டதாக அந்த எடிட்டர் நம்பியிருக்க வேண்டும். ஹில்டா அதன்பிறகு இரண்டு வருஷம் ஓடினாள். அந்தத் தண்டனையை நாங்கள் எல்லோருமாக அனுபவித்தோம்.

இலையுதிர் காலத்தில் எல்சி விடுதலையானாள். அரைப் பக்கத்தில். தொலைந்த அப்பா கதவை உதைத்துத் திறந்தார், மிஸஸ் ஸ்க்ரோபைப் போலீஸ் கொண்டுபோனது, நாய் எங்கிருந்தோ வந்தது, கடைசிக் கட்டத்தில் எல்சி கனடாவுக்குப் போகும் கப்பலில் நின்று கையசைத்தாள். நெட்டா பத்திரிகைக் கடை வாசலிலேயே என்னைத் தூக்கிச் சுற்றினாள். மிஸ்டர் பெட்ரியைப் படியில் பார்த்துக் கையை நீட்டினாள். அவரும் தொப்பியைக் கழற்றிக் கைகொடுத்தார்.

அடுத்த வியாழக்கிழமை நெட்டா பத்திரிகையை முன்னும் பின்னுமாகப் புரட்டினாள்.

"எல்சி எங்கடி?"

"நீதானே அனுப்பி வச்சே?"

"அனுப்பி வச்சேன். எங்க போனா? கனடாவுல என்ன பண்றா?"

எனக்கென்ன தெரியும்? அதன்பிறகு அவள் 'பிரிம்ரோஸ்' வாங்கவில்லை. துணி துவைப்பது மட்டும் நிற்கவில்லை.

பிறகு நெட்டா கடிகாரத் தொழிற்சாலைக்குப் போய், சங்கத் தலைவியாகி, மேனேஜர்களை நாற்காலி நுனியில் உட்கார வைத்தாள். தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது எல்சிதான் என்பாள். கல்யாணம், இரண்டு பையன்கள், மறுபடியும் காலுறைகள். நான் கடைத்தெருவில் தலைமுடி வெட்டினேன். அறுபதைத் தொட்ட பிறகும் வியாழக்கிழமைதான் சேர்ந்து டீ குடிக்கிறோம்.

போன மாதம் சூப்பர் மார்க்கெட்டில் அதைப் பார்த்தேன். வழவழப்பான தாளில் 'பிரிம்ரோஸ் சிறப்பிதழ்'. நாற்பது வருஷத்துக்கு முன் செத்த பத்திரிகையைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். இப்போது அதுதான் நாகரிகமாம். எங்கள் வயதுக்காரிகள் வாங்குவார்கள் என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான். சரியாகத்தான் போட்டிருக்கிறான், நான் வாங்கினேன். அட்டையில் ஆவி பறக்கும் நிலவறையில் எல்சி.

நெட்டாவிடம் காட்டினேன். டீக் கோப்பையை வைத்துவிட்டாள்.

"யாரு மறுபடியும் இவளை உள்ள போட்டது?"

"டாம்சின்னு ஒரு பொண்ணு எழுதியிருக்கு. சனிக்கிழமை லைப்ரரிக்கு வருதாம்."

"என் கோட்டை எடு, போகலாம்."

"இன்னிக்கு வியாழன்டி."

லைப்ரரியில் முப்பது நாற்காலிகளிலும் நரைத்த தலைகள், மடியில் பைகள். மேஜைக்குப் பின்னால் பச்சைத் தலைமுடியோடு, சிரித்த முகமாக ஒரு பெண். பழைய கதைகளை அவள் எவ்வளவு நேசிக்கிறாள் என்று சொல்லி முடிப்பதற்குள் நெட்டா எழுந்துவிட்டாள்.

"இந்தாம்மா, எல்சி கனடாவுக்குப் போனாளே, என்னாச்சு?"

"கப்பல் மூழ்கிடுச்சு," என்றாள் டாம்சின்.

யாரோ 'ஐயோ' என்றார்கள்.

"அவங்கப்பா?"

"அவரும் கப்பலோட போயிட்டார். எல்சியை மட்டும் காப்பாத்தி மறுபடியும் அந்த நிலவறைக்கே அனுப்பிட்டாங்க. நாய் தப்பிச்சிடுச்சு."

"நாயாவது தப்பிச்சுதே. ஏம்மா, அவளை வெளிய கொண்டுவர நான் என்ன பாடு பட்டேன்னு உனக்குத் தெரியுமா?" நெட்டா சொன்னாள். மிஸ்டர் பெட்ரி, ஹில்டா, சிப்ஸ் கடை வரிசை, எல்லாவற்றையும். கூட்டம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பின்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள்: "கிளாஸ்கோவுல நானும் ஹில்டாவுக்குப் போட்டேன். இன்னும் அந்த வலி போகலை."

டாம்சினும் சிரித்தாள். பிறகு கையில் இருந்த பேனாவை மூடி, திறந்து, மூடினாள்.

"உங்ககிட்ட மறைக்க விரும்பலை," என்றாள். "இதுலயும் ஓட்டு இருக்கு. கடைசிப் பக்கத்துல இருக்கிற கியூஆர் கட்டத்துக்கு மேல போன் கேமராவைக் காட்டினா ஓட்டுச் சீட்டு வரும். முதல்ல வர்ற கதைதான் அடுத்த வருஷம் தொடரும். மத்தது நின்னுடும்."

"தொடர்ந்தா அவளை என்ன பண்ணுவே?"

"பாய்லர் வெடிக்குது."

"நின்னா?"

"ஒரே பக்கத்துல நல்லபடியா முடிச்சு, வெளிய அனுப்பிடுவேன். சத்தியமா. ஆனா அதோட சரி. அப்புறம் அவளைப் பத்தி யாரும் எழுத மாட்டாங்க."

நெட்டா மெல்ல உட்கார்ந்தாள். கைதட்டினார்கள், கையெழுத்து வாங்க வரிசை நின்றது. நெட்டா வரிசையில் நிற்கவில்லை. வெளியே வரும்போது கல்லாவில் ஒரு பிரதியை மட்டும், வேறு யாருக்கோ வாங்குகிறவள் போல, வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் மேல்மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்தோம். மழை. நெட்டா படித்தாள். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தேன். சங்கத் தலைவியின் மூக்கு உறிஞ்சத் தொடங்கியது. எங்கள் நிறுத்தம் வந்தது, போனது. நான் மணியை அடிக்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் எல்சி பாய்லர் மூடியில் கை வைத்திருந்தாள்.

"மறுபடியும் கையைச் சுட்டுக்கப் போறா," என்றாள் நெட்டா.

"நீ சொன்னா கேக்கவா போறா?"

நெட்டா போனை எடுத்தாள். கியூஆர் கட்டத்தின் மேல் காட்டினாள். நாலு கதைகளின் பெயர்கள் வந்தன. எல்சி, அதற்கடுத்து, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஹில்டா. நெட்டாவின் கட்டைவிரல் ஹில்டாவின் மேல் போய் நின்றது. தொட்டால் எல்சிக்கு ஒரே பக்கத்தில் விடுதலை, நெட்டாவுக்கு அது தெரியும். விரல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"அன்னிக்கு அவ கப்பல் ஏறினப்புறம், ரோனா, கொடியில துணி போடறப்போ எனக்கு யாருமே இல்லை."

"நான் இருந்தேனேடி."

"உனக்குத் தம்பிங்க இல்லை," என்றாள்.

நான் அவள் கையின் மேல் கையை வைத்தேன்.

நெட்டா மடியிலிருந்த பக்கத்தை ஒருதரம் குனிந்து பார்த்தாள். "மன்னிச்சுக்கோடி கண்ணு," என்று எல்சியிடம் சொல்லிவிட்டு, அவளுக்கே ஓட்டுப் போட்டாள்.