தெர்மாமீட்டர் பொய் சொல்லாது

அக்காவின் கார் மூன்றாவது முறையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது தெர்மாமீட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெர்மாமீட்டர் என்பது வாடிக்கைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர். ஏசி ரிப்பேர் என்று யார் வந்தாலும், 'வாங்க' என்று சொல்வதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து குச்சி போன்ற ஒரு தெர்மாமீட்டரை எடுத்து, காற்று வரும் துவாரத்தில் செருகிவிடுவான். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட மனுஷன் இவ்வளவு பதறியதில்லை என்று அவன் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

"மறுபடியுமா?" என்றான்.

"மறுபடியும்தான்." அக்கா இறங்கவில்லை. "முதல் அரை மணி நேரம் நல்லா இருக்கு. அப்புறம் வேர்க்க ஆரம்பிக்குது. வழியில எங்கயாவது நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா திரும்பவும் ஜில்லுனு இருக்கு. இதையேதான் மூணு தடவையா சொல்றேன்."

"நின்னு கிளம்பினா சரியாயிடுமா? வண்டி என்ன மூச்சு வாங்கிட்டா ஓடுது?"

அக்கா சிரிக்கவில்லை. அவள் டாக்சி ஓட்டுபவள். வாரம் இரண்டு நாள் ஒரு ரிட்டயர்டு டீச்சரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். போக ஒன்றரை மணி நேரம். டீச்சருக்கு நரம்பில் ஏதோ வியாதி. உடம்பில் சூடு ஏறினால் கால் இரண்டும் துவண்டுவிடும். போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை பேர் பார்க்க, இரண்டு பேர் சேர்ந்து அவரைக் காரிலிருந்து தூக்கி இறக்கினார்கள். டீச்சர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அடுத்த தடவைக்கு வேற வண்டி பாக்கட்டுமாம்மா?" என்று மட்டும் கேட்டாராம். அதுதான் அக்காவைக் கொன்றுகொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கிளம்பணும்டா. இன்னிக்குச் சரியாகலன்னா நானே அவங்களுக்கு வேற வண்டி ஏற்பாடு பண்ணிடுவேன். மூணு வருஷமா என்னை நம்பி ஏறினவங்க."

அவன் பானட்டைத் திறந்தான். கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டினான். இரண்டு முள்ளும் நிற்க வேண்டிய இடத்தில் சொல்லி வைத்தாற்போல் நின்றன. கசிவு இருக்கிறதா என்று இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினான். ஒரு குமிழ்கூட வரவில்லை. போன முறை மாற்றிய ஃபேன் நன்றாகவே சுற்றியது. அதற்கு முந்தைய முறை கேஸை மாற்றியாயிற்று. இனி மாற்றுவதற்குக் காரில் மிச்சமிருந்தது அக்காதான். தெர்மாமீட்டரைச் செருகிப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டான். ஆறு டிகிரி.

"பாரு, ஆறு! கண்ணால பாரு! இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றே? தெர்மாமீட்டர் பொய் சொல்லாது அக்கா. உனக்கும் டீச்சருக்கும் மனசுல புழுக்கம்!"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அக்கா இறங்கி வந்து பானட்டை அறைந்து சாத்தினாள்.

"ஏறுடா."

"எங்க?"

"பின் சீட்டுல. டீச்சர் உக்கார்ற இடத்துல."

பதினான்கு வருடத் தொழிலில் அவன் ஒரு வண்டியிலும் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவனுடைய சோதனை எல்லாம் பட்டறைக்குள், பத்தே நிமிடம். அரை நாள் பாழ் என்று முணுமுணுத்தபடி ஏறினான்.

நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம், வண்டிக்குள் குளுகுளுவென்று இருந்தது. 'நான்தான் சொன்னேனே' என்ற வார்த்தையை அவன் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தான். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தான், வேர்வை. சற்று நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடி வழியாக வெயில் மடியில் விழுந்தது. இப்படித்தான் அந்த அம்மாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

"உன் தெர்மாமீட்டர் என்ன சொல்லுது?" என்றாள் அக்கா, திரும்பாமல்.

எட்டி முன்னால் பார்த்தான். ஆறு. துவாரத்தில் கையை வைத்தான். உள்ளே காற்றாடி ஓ என்று இரைந்தது, கையில் பட்டதோ கொசு ஊதிய மாதிரி ஒரு காற்று. குளிர்ச்சி இருந்தது. அதைக் கொண்டுவரக் காற்றுதான் இல்லை. குச்சி குளிரை அளக்கும், காற்றை அளக்காது.

"ஓரமா நிறுத்து அக்கா. எஞ்சினை அணைச்சிடு."

இறங்கிக் குனிந்தான். கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. சொட்டவில்லை, குடம் சாய்ந்த மாதிரி கொட்டியது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் முழுக்க ஐஸ் கட்டி, காற்றுக்கு வழியை அடைத்திருக்கிறது. நிறுத்தினால் உருகும், கிளம்பினால் மறுபடி கட்டும். அக்கா மூன்று முறை சொன்னது இதைத்தான், வரிக்கு வரி.

அளவுக்கு மேல் குளிர்ந்தால் கம்ப்ரசரை நிறுத்துவதற்கு அந்தக் காயிலில் ஒரு சென்சார் செருகியிருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்தான். சென்சார் காயிலில் இல்லை. பக்கத்து ஒயரோடு சேர்த்து, கறுப்பு டேப்பால் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை மடித்துக் கட்டியிருந்தது. டேப்பின் முனையை அப்படி மடிக்கிறவன் இந்த ஊரில் ஒருவன்தான். இரண்டு மாதத்துக்கு முன் காயிலைச் சுத்தம் செய்தபோது, இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒதுக்கிக் கட்டியது. திரும்பச் செருக மறந்திருக்கிறான்.

'சென்சார் போயிடுச்சு, புதுசு போடணும்' என்று சொல்லிவிட்டால் போயிற்று. அக்காவுக்கு என்ன தெரியப் போகிறது? வாய்வரை வந்தது. முதுகில் சட்டை இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் தப்புதான் அக்கா," என்றான், தலையை வெளியே எடுக்காமலே. "நான் கழட்டினதை நானே மாட்டல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. சென்சாரை அதன் இடத்தில் அவன் அழுத்திச் செருகும்வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மறுபடியும் ஒரு மணி நேரம் ஓட்டினாள். கம்ப்ரசர் முறைப்படி விட்டுவிட்டு ஓடியது, காற்று குறையவே இல்லை. பட்டறை வாசலில் அவன் இறங்கியதும் போனில் டீச்சரைக் கூப்பிட்டு, போனை அவனிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு."

சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. மறுமுனையில் டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நின்னு கிளம்பினா சரியாகுதுன்னு முதல்ல கவனிச்சது நான்தான் தம்பி. உங்ககிட்ட சொல்லச் சொன்னேனே, அக்கா சொல்லலையா?"

அக்கா ஜன்னல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னாங்க டீச்சர்," என்றான். "மூணு தடவை சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல."

"சரி. நாளைக்கு எட்டு மணிக்கு நீங்களும் வாங்க. பின்னாடி என் பக்கத்துல உக்காந்துக்கங்க. வழியில நான் சொல்றதைக் கேட்டா போதும்."

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். அக்கா துவாரத்திலிருந்து தெர்மாமீட்டரை உருவி அவன் கையில் வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.